துண்டுக்கடியில் ஒரு சண்டிமாடு

சத்யப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் வாய் நின்றுபோகும், கை ஓட ஆரம்பிக்கும். அன்று காலை அவள் லேபில் கழுவி வைத்திருந்த குழாய்களையெல்லாம் மறுபடியும் எடுத்துக் கழுவினாள். மேஜையைத் துடைத்தாள். துடைத்த துணியையும் அலசினாள். கோபம் மட்டும் கறை மாதிரி அப்படியே இருந்தது.

கோபத்துக்குக் காரணம் மேஜைமேல் இருந்த இரண்டு பிளேட்கள், கிருமி வளர்க்கிற மூடித்தட்டுகள். அரியலூர் நர்சிங் ஹோம் ஒன்றில் படுத்திருந்த இரண்டு பேருடைய ரத்தத்திலிருந்து வளர்த்த இரண்டு ஈஸ்ட், அதாவது பூஞ்சைக் கிருமி. இரண்டு பிளேட்டின் நடுவிலும் ஒரே மருந்தில் தோய்த்த சின்னக் காகித வில்லை. மருந்தின் பெயர் ஃப்ளூகோனசோல். இடது பக்கத்துப் பிளேட்டில் வில்லையைச் சுற்றி அகலமாக வெறும் தரை. மருந்துக்குப் பயந்து ஈஸ்ட் எல்லாம் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. வலது பக்கத்தில் அந்த மரியாதையே இல்லை. கல்யாணப் பந்திக்கு முண்டியடிக்கிற கூட்டம் மாதிரி, வில்லையின் விளிம்புவரை இடித்துக்கொண்டு வளர்ந்திருந்தது.

இடது பக்கம் தங்கசாமி. வலது பக்கம் மணிவேல். அவனுக்கு உள்ளே ஏறிக்கொண்டிருந்தது அதே ஃப்ளூகோனசோல்தான். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க, ஈஸ்ட் அதைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்கிற நிலைமை.

இது 2006. அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, ஆக்கின வேகத்தில் திரும்பப் பெரம்பலூரோடு ஒட்டவைத்திருந்த காலம். மாவட்டம் எப்படிப் போனால் என்ன, அரியலூர் ரத்தம் பெரம்பலூருக்கு பஸ்ஸில்தான் வரும். கண்டக்டர் பூக்கூடை, பேப்பர் கட்டு, ரத்தப் பாட்டில் எல்லாவற்றையும் ஒரே முகபாவத்தோடு இறக்கிக் கொடுப்பார். ரத்தத்தில் என்ன முளைக்கிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்த்துச் சொல்ல, பெரம்பலூரில் எம்.டி. படித்த மைக்ரோபயாலஜி டாக்டர் சத்யப்பிரியா ஒருத்திதான் கடை போட்டிருந்தாள்.

அவளுடைய அப்பா சிங்காரவேலு மாட்டுத் தரகர். எம்.டி. படிப்பதற்கு முன்னால் அவள் படித்ததெல்லாம் சந்தையில்தான். மாட்டில் பயப்பட வேண்டியவை இரண்டு ரகம் என்று அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். ஒன்று முட்டுமாடு. அதைக் கண்டால் தெருவே கதவைச் சாத்தும். ஆனால் மூக்கணாங்கயிறு சரியாக விழுந்துவிட்டால் ஆள் சொன்ன பக்கம் போகும். இன்னொன்று சண்டிமாடு. பச்சைக் குழந்தை போய்க் கொம்பைப் பிடித்தாலும் ஒன்றும் செய்யாது. வண்டியில் பூட்டினால் மட்டும் நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். அடித்தாலும், வாலை முறுக்கினாலும், காலடியில் வைக்கோலைக் கொளுத்தினாலும் எழுந்திருக்காது. முட்டுமாட்டை வாங்கினவன் உஷாராக இருப்பான். சண்டிமாட்டை வாங்கினவன்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பான்.

தங்கசாமியின் ஈஸ்ட் முட்டுமாடு. அவர் பெரிய சர்க்கரை வியாதிக்காரர். கால் புண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கொண்டு படுத்திருந்தவருக்குக் காய்ச்சல் கூரையைத் தொட்டது, பிரஷர் பாதாளத்துக்குப் போனது, பெண்டாட்டி பிள்ளைகள் அழத் தயாராகிவிட்டார்கள். அவருடைய ஈஸ்ட்டை ரத்தச் சீரத்தில் போட்டு உடம்புச் சூட்டில் வைத்துப் பார்த்தபோது, பயறு முளைவிடுகிற மாதிரி சின்னச் சின்ன முளை விட்டது. லேபில் எல்லோரும் முதலில் செய்கிற சோதனை அது. முளை விட்டால் கேண்டிடா ஆல்பிகன்ஸ். திசுவுக்குள் துளைத்துக்கொண்டு போகிற ஜாதி முரடு. ஆனால் ஃப்ளூகோனசோல் ஏறினதும் முரடு சுருண்டது. வார்டில் பஜ்ஜி வாங்கிவரச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டுத்தான் தங்கசாமி டிஸ்சார்ஜ் ஆனார்.

மணிவேல் சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர். குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆனவன். அவனுடைய காய்ச்சல் சத்தம் போடவில்லை. கடன்காரன் வாசலில் உட்கார்ந்த மாதிரி, ஏறாமல் இறங்காமல் உட்கார்ந்திருந்தது. அவனுடைய ஈஸ்ட் முளை விடவில்லை. முதல் ரிப்போர்ட்டில் சத்யப்பிரியா வழக்கப்படி எழுதினாள்: ஈஸ்ட் வளர்ந்திருக்கிறது, முளை விடவில்லை, எந்த வகை என்பது பின்னால்.

நர்சிங் ஹோம் முதலாளியும் சர்ஜனுமான டாக்டர் கலைச்செல்வன் ‘முளை விடவில்லை’ வரைக்கும் படித்தார். மடித்து வைத்துவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்லவும் கொஞ்சம் கஷ்டம். வேப்பந்தட்டைப் பக்கத்துப் பருத்திக் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. விதைக்கு முந்தி ஒரு பிடி விதையை ஈரச்சாக்கில் முடிந்து வைத்து, முளைத்ததை எண்ணி, முளைக்காததைக் குப்பையில் கொட்டின குடும்பம். முளைக்காதது என்றால் அவருக்குச் சொத்தை. ஆறு வருஷ மருத்துவப் படிப்பும் சர்ஜரி படிப்பும் சேர்ந்து அந்த ஈரச்சாக்கை அவிழ்க்க முடியவில்லை.

இரண்டாவது பிளேட்டைப் பார்த்த கையோடு சத்யப்பிரியா அவருக்கு போன் போட்டாள்.

“என்னம்மா சத்யா, இன்னும் அந்த ஈஸ்ட்டையா கட்டிக்கிட்டு அழுவுற?”

“சார், மணிவேலோடது கேண்டிடா க்ருசி. ஃப்ளூகோனசோல் அதுக்குப் பொறந்ததுலேருந்தே கேக்காது. மருந்தை மாத்தி ஆம்போடெரிசின் போடணும். கழுத்துல போட்ட லைனையும் எடுத்துடணும். ஈஸ்ட் அந்தக் குழாய்லதான் குடியிருக்கும்.”

“முளை விடலேன்னு நீதானே எழுதுன?”

“ஆமா சார்.”

“முளைக்காத வெதைக்கு எதுக்கும்மா களைக்கொல்லி?”

அவர் பின்னால் யாரோ சிரித்தார்கள். ரூமில் ஆள் இருந்தது.

“சார், வெதை முளைக்கலேன்னா செத்துப்போச்சு. ஈஸ்ட் முளைக்கலேன்னா வேற ரகம்னு மட்டும்தான் அர்த்தம். உசுரோட, ஜம்முனு இருக்கு.”

“தங்கசாமிக்கு எதுல சரியாச்சு?”

“ஃப்ளூகோனசோல்ல.”

“அந்த முரடே அதுல அடங்கிருச்சு. இது அதுல பாதிகூட இல்ல, சாது. முரடனை அடக்குன மருந்து சாதுவை அடக்காதா? கொஞ்சம் பொறுமையா இரும்மா. லேப் ஆளுங்களுக்கு எதையும் பெருசாக்கிப் பாத்தே பழக்கம்.” மைக்ரோஸ்கோப்பைச் சொல்கிற ஹாஸ்யம். மறுபடியும் பின்னால் சிரிப்பு. போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் குழாய்களெல்லாம் கழுவப்பட்டன. கடைசிக் குழாயைக் கவிழ்த்து வைத்ததும், பிளேட் இரண்டையும் டேப் சுற்றி மூடி, டப்பாவில் போட்டுக்கொண்டு சத்யப்பிரியா அரியலூர் பஸ் ஏறினாள்.

கலைச்செல்வன் ரவுண்ட்ஸில் இருந்தார். பின்னால் டியூட்டி டாக்டர், நர்ஸ்கள், பேஷண்ட்டின் சொந்தக்காரர்கள் என்று சாமி புறப்பாடு மாதிரி ஒரு கூட்டம். மணிவேல் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தான். கழுத்தில் குழாய், பக்கத்தில் ஃப்ளூகோனசோல் பாட்டில். அவன் பெண்டாட்டி இருசம்மாள் தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.

சத்யப்பிரியா டப்பாவைத் திறந்து, பிளேட் இரண்டையும் கையில் ஒன்றாக உயர்த்திப் பிடித்தாள்.

“சார், நீங்களே பாருங்க. இது தங்கசாமி, இது மணிவேல். நடுவுல இருக்கறது இப்ப ஏறிட்டிருக்கிற இதே மருந்து.”

எல்லாத் தலையும் பிளேட்டுப் பக்கம் திரும்பியது. விளக்கவுரையே தேவையில்லாத காட்சி அது. ஒன்றில் வட்டம் இருந்தது, ஒன்றில் இல்லை. ஹெட் நர்ஸ் சுந்தராம்பாள் ‘அட’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

“அது என்னங்க டாக்டரம்மா?” என்று இருசம்மாள் கேட்டாள்.

“உங்க வூட்டுக்காரர் ரத்தத்துல வளந்ததுங்க.”

“புளிச்ச மாவு மாதிரில்ல இருக்கு. இது சாவலியா?”

“இந்த மருந்துக்குச் சாவாது.”

கலைச்செல்வனின் காது சிவந்தது. பிளேட்டைப் பார்த்ததால் இல்லை. எல்லோரும் பிளேட்டைப் பார்த்ததை அவர் பார்த்ததால்.

“ரவுண்ட்ஸ் நேரத்துல பொருட்காட்சி போட வந்தியா? ஆம்போடெரிசின் போடச் சொல்ற. அது கிட்னியைக் காலி பண்ற மருந்து. நாளைக்கு இவனுக்கு யூரின் நின்னா நீ வந்து நிப்பியா?”

“தெனம் ரத்தம் எடுத்துக் கிட்னியைப் பாத்துக்கிட்டே போடலாம், சார். இதை விட்டா உசுருக்கே…”

“நீ பிளேட்டைப் பாரு. பேஷண்ட்டை நான் பாத்துக்கறேன்.” நர்ஸ் பக்கம் திரும்பினார். “சிஸ்டர், ஃப்ளூகோனசோல் டோஸை ரெட்டிப்பாக்குங்க.”

திறக்காத பூட்டில் அதே சாவியை இன்னும் பலமாகத் திருகச் சொல்லிவிட்டு ஊர்வலம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது. சத்யப்பிரியா பிளேட்டைப் பிடித்தபடியே நின்றாள். இருசம்மாள் அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல ஒரு டாக்டருக்கு உரிமை உண்டா, அது இன்னொரு டாக்டருடைய பேஷண்ட்டாக இருந்தால் உண்டா, இதெல்லாம் மருத்துவக் கல்லூரியில் நாசூக்கு என்ற பெயரில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாசூக்காகத் திரும்பிவந்தாள்.

அவள் தினம் போன் போட்டு விசாரித்தாள். சுந்தராம்பாள் சிஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்: “அப்படியேதான் இருக்குங்க மேடம். இன்னைக்குக் குளிர் வேற வந்துச்சு. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க.” எல்லோரும் எதையோ யாரிடமோ சொல்லிவிடாமல் இருந்தார்கள். ஈஸ்ட் மட்டும் ஒளிவுமறைவு இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

சந்தை முடிந்த மத்தியானம் சிங்காரவேலு லேபுக்கு வந்தார். அரைக் கிலோ கடலை மிட்டாயும், ஒரு எருமை வியாபாரம் படிந்த சந்தோஷமும் கையில்.

“ஏம் பாப்பா, யாரையோ கடிச்சுத் துப்புனவ மாதிரி நிக்கிற?”

“கடிக்க விடலப்பா.” நடந்ததையெல்லாம் சொன்னாள். முட்டுமாடு, சண்டிமாடு என்று சொன்னதும் பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ரவுண்ட்ஸில் பிளேட்டைத் தூக்கிக் காட்டினதைச் சொன்னபோது முகத்தைச் சுளித்தார்.

“நாலு பேரு முன்னாடி மாட்டு வாயைப் பொளந்து, பல்லு போச்சுன்னு காட்டுனா, விக்க வந்தவன் ஆமாம்பானா? அருவாளைத்தான் தூக்குவான். சரி விடு. சொல்றதைச் சொல்லிட்ட. அவரு பேஷண்ட்டு, அவரு பாடு. மாசம் பூரா சாம்பிள் அனுப்பறவரு. பொழைப்பைப் பாரு.”

“அந்த ஆளு செத்துருவாம்ப்பா.”

“அதுக்கு நீ என்னடி பண்ணுவ?”

சத்யப்பிரியா அப்பாவின் தோளில் கிடந்த துண்டையே பார்த்தாள்.

சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து விலை சொல்வார்கள், விரலை மடக்கிக் குறைப்பார்கள். வெளியே வாய் என்னவோ பேசும். கட்டுப்படியாகாது என்று கத்தும், பொறப்படு என்று கயிற்றை இழுக்கும். உள்ளே விரல் இறங்கி வந்துகொண்டிருக்கும். யார் இறங்கினான், எவ்வளவு இறங்கினான் என்று சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. துண்டை எடுக்கும்போது இரண்டு பேருமே ஜெயித்தவன். துண்டுக்குள் பேசினதை வெளியில் சொல்லக் கூடாது. சொன்ன தரகனுடைய துண்டுக்குள் அதற்குப் பிறகு ஒருத்தனும் கை விடமாட்டான்.

“அப்பா, துண்டைக் குடுங்க.”

“எதுக்குடி? சாணி வாசம் அடிக்கும்.”

“அடிக்கட்டும்.”

மறுநாள் அவள் அரியலூர் போனபோது வார்டுப் பக்கமே போகவில்லை. கலைச்செல்வன் அறையில் தனியாக டீ குடிக்கிற நேரம் பார்த்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். துண்டில் சுற்றின டப்பாவை மேஜைமேல் வைத்தாள். பிரிக்கவில்லை.

“அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, சார்.”

சொல்லும்போது நாக்கில் வேப்பெண்ணெய் ஓடியது. அவர் டீயை வைத்தார். முகம் கொஞ்சம் இளகிற்று.

“பரவால்லம்மா. சின்ன வயசு.”

“நீங்க டோஸைக் கூட்டினப்பதான் எனக்கே வெளங்குச்சு. மருந்து கேக்குதா இல்லையான்னு கடைசியா ஒரு பரிட்சை வச்சிருக்கீங்க. உங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்திருக்கு.”

அவர் மேஜைமேல் இருந்த துண்டைப் பார்த்தார். நீட்டின விரலைப் பிடிக்கலாமா என்று யோசிக்கிற பார்வை அது. பிறகு டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, துண்டைத் தானே பிரித்தார். பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த மனிதருக்குக் கண் நன்றாகவே தெரியும் என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“டோஸைக் கூட்டியும் எறங்கலேன்னா மாத்திரலாம்னுதான் நெனச்சிருந்தேன்” என்றார்.

“ஆமாங்க சார்.”

“ஆம்போடெரிசின் இங்க கெடைக்காதே.”

“திருச்சியில ஒரு கடையில சொல்லி வச்சிருக்கேன். நீங்க எழுதினீங்கன்னா அடுத்த பஸ்ல வந்துரும்.”

அவர் பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன்னால் நிமிர்ந்தார். “இது பத்தி வெளியில…”

“நான் எதுக்குங்க சார் பேசப்போறேன்?”

பேரம் படிந்தது. அன்றே கழுத்து லைன் வெளியே வந்தது, ஆம்போடெரிசின் உள்ளே போனது. அந்த மருந்து ஏறும்போது ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். இருசம்மாள் வார்டில் இருந்த கம்பளியையெல்லாம் வாங்கிப் போர்த்தி, அவன்மேல் கவிழ்ந்து படுத்துப் பிடித்துக்கொண்டாள். கிட்னி கொஞ்சம் முனகிவிட்டு நிமிர்ந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த காய்ச்சல் ஒரு காலையில் எழுந்து போய்விட்டது. அடுத்த கல்ச்சரில் ஈஸ்ட் இல்லை.

சத்யப்பிரியா அந்தச் சுத்தமான பிளேட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். சந்தோஷத்துக்கு அடியிலேயே வயிற்றெரிச்சலும் இருந்தது. ஒருத்தன் உயிரைக் காப்பாற்ற, விஷயம் தெரிந்திருப்பது போதவில்லை. இன்னொருத்தருக்கு முன்னாடியே தெரியும் என்று கதை கட்ட வேண்டியிருந்தது. மாட்டுக்குப் பேரம் பேசினால் மாடாவது கிடைக்கும். இங்கே மனுஷனுக்கு மருந்து கிடைக்கப் பேரம்.

ஒரு வாரம்போலக் கழித்து சுந்தராம்பாள் போன் பண்ணினாள். “மேடம், மணிவேலு எந்திரிச்சு நடக்கறான். ஆனா வலது கண்ணுல பூச்சி பறக்குதுங்கறான். புகை போட்ட மாதிரி இருக்காம். சார்கிட்ட சொன்னேன், பலவீனம்னுட்டாரு.”

சத்யப்பிரியாவின் கையிலிருந்த குழாய் தொட்டியில் விழுந்து உடைந்தது. ரத்தத்தில் சுற்றுகிற ஈஸ்ட்டுக்கு, நேரம் கொடுத்தால், கண்ணுக்குள் போய் உட்காருகிற பழக்கம் உண்டு. நேரம்தான் தாராளமாகக் கொடுக்கப்பட்டிருந்ததே.

அவளே போய் அவனைத் திருச்சிக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். பார்வையின் நட்டநடுவில் வடு. இனிமேல் பரவாது என்றார்கள். போனது வராது என்றும் சொன்னார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மணிவேல் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். “ஓரம் தெரியுதுங்க மேடம். நடுவுலதான் சாம்பல் அப்புன மாதிரி இருக்கு. எதிர்ல வர்ற லாரியே அதுக்குள்ள பூந்துருது.” எங்கோ யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னான். “கல்லு லோடு ஒத்தக் கண்ணனுக்குக் குடுக்க மாட்டாங்க.”

இருசம்மாள் முன் ஸீட்டிலிருந்து திரும்பினாள். “அந்த நடுக்கற மருந்தை முன்னாடியே போட்டிருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமா, டாக்டரம்மா?”

சத்யப்பிரியாவின் வாயில் பதில் தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தது துண்டு.

“டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேங்க” என்றாள். அதைச் சொல்லிவிட்டு அரியலூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கேட்கவும் செய்தாள். கலைச்செல்வன் நிதானமாகத்தான் பதில் சொன்னார். “உசுரு பொழைச்சான்ல? அதைப் பாரும்மா.”

மழைக்காலம் முடிந்து பெரம்பலூரில் ஒரு ஓட்டல் ஹாலில் மருத்துவர் சங்கக் கூட்டம். அழைப்பிதழில் கலைச்செல்வன் பேசுகிற தலைப்பு: ‘புதிதாகத் தலையெடுக்கும் ஈஸ்ட்கள் — வீரியமும் மருந்து எதிர்ப்பும்: ஓர் ஒப்பீடு.’ சத்யப்பிரியா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு லேபில் இருந்த குழாய்களையெல்லாம் கழுவினாள்.

“போறதுன்னா போ” என்றார் சிங்காரவேலு. “வாயைத் தொறக்காத. துண்டுக்குள்ள பேசுனது துண்டுக்குள்ளயே கெடக்கணும். அதை மீறுனா என் தொழில்ல மட்டுமில்ல, எந்தத் தொழில்லயும் நிக்க முடியாது.”

ஹாலில் நல்ல கூட்டம். சாப்பாடு நன்றாக இருக்கும் என்று பேச்சு. திரையில் அவளுடைய இரண்டு பிளேட்டும் ஆளுயரத்துக்கு நின்றன. கலைச்செல்வன் அழகாகப் பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. முளை விடுகிற ஈஸ்ட் வீரியமானது, ஆனால் மருந்துக்கு அடங்கும். முளை விடாததைச் சாது என்று நம்பி ஏமாறக் கூடாது. “வீரியம் வேற, எதிர்ப்பு வேற. ஒண்ணை வச்சு இன்னொண்ணை எடை போடறவன் பேஷண்ட்டை இழந்துருவான்” என்றபோது பின் வரிசையில் நோட்டுப் போட்டுக்கொண்டார்கள். தனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் தட்டியது என்றார். லேபில் ஒத்துழைத்தவர்களுக்கு நன்றி என்றார். சத்யப்பிரியா நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நன்றியை விழுங்கிவிடலாம். பெயர் திருடினால் திருடிவிட்டுப் போகட்டும், பெயரால் யாருக்கும் கண் வரப்போவதில்லை.

“அந்த பேஷண்ட் இப்ப பூரண குணம்” என்றார் கலைச்செல்வன். “இங்கேயே வந்திருக்கார். மணிவேல், மேல வாங்க.”

மணிவேல் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். ஓரமாக இருசம்மாள். எல்லோரும் கை தட்டினார்கள். சங்கத் தலைவர் சரிகைச் சால்வையை அவன் தோளில் போர்த்திவிட்டு, கை குலுக்க நீட்டினார். மணிவேலும் கையை நீட்டினான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல், அவன் கை தலைவரின் கைக்கு ஒரு சாண் இந்தப் பக்கமாகப் போய், வெறும் காற்றைப் பிடித்தது. இன்னொரு தரம் துழாவியது. தலைவர்தான் நகர்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கைதட்டலில் யாரும் கவனிக்கவில்லை. மணிவேல் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

சத்யப்பிரியா எழுந்தாள்.

“அவருக்கு வலது கண் போயிருச்சு, சார். பூரண குணம் இல்ல.”

கைதட்டல் அங்கங்கே அறுந்தது. கலைச்செல்வன் மைக்கைக் கையால் மூடினார். “சத்யா, அதெல்லாம் அப்புறம்…”

“இந்த ரெண்டு பிளேட்டையும் நான் வார்டுக்கே கொண்டாந்து, இந்த மருந்து கேக்காதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். நீங்க அதே மருந்தை ரெட்டிப்பாக்குனீங்க. அப்புறம் தனியா வந்து, உங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சுன்னு நான்தான் கதை கட்டிக் கொடுத்தேன். அப்படிச் சொன்னாத்தான் மருந்து எழுதுவீங்கன்னு. நீங்க எறங்கி வர்றவரைக்கும் ஈஸ்ட் காத்துக்கிட்டு இருக்கல. கண்ணுக்குள்ள போயிருச்சு.” திரையில் இருந்த பிளேட்டைக் காட்டினாள். “உங்க மூஞ்சியைக் காப்பாத்தினதுக்கு அவரு கண்ணு போச்சு. அதையும் உங்க ஒப்பீட்டுல சேத்துக்குங்க.”

முன் வரிசையிலிருந்து யாரோ ஒரு பெரிய டாக்டர், “இது இடமில்லம்மா” என்றார். சத்யப்பிரியா அவர் பக்கம் திரும்பினாள். “எது சார் எடம்? ரவுண்ட்ஸ் எடமில்ல, போன் எடமில்ல, கூட்டம் எடமில்ல. மாட்டுச் சந்தைதான் எடமா?”

இருசம்மாள் மேடையருகே வந்திருந்தாள். கலைச்செல்வனைப் பார்க்கவில்லை. சத்யப்பிரியாவைப் பார்த்துக் கேட்டாள்.

“அன்னைக்குக் கையில தூக்கிக் காட்டுனீங்களே, புளிச்ச மாவாட்டம். அன்னைக்கே தெரியுங்களா?”

“அன்னைக்கே தெரியும்.”

“பஸ்ஸுல கேட்டப்ப டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்னீங்க.”

“ஆமாங்க.”

இருசம்மாள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னிப்பும் இல்லை, திட்டும் இல்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கிற பார்வை. பிறகு மேடை ஏறி, புருஷன் தோளிலிருந்த சரிகைச் சால்வையை எடுத்து, துவைத்த துணியை மடிக்கிற மாதிரி நாலாக மடித்தாள். கலைச்செல்வன் முன்னால் இருந்த மேஜையில் வைத்தாள்.

“நீங்களே போத்திக்குங்க சார். எங்களுக்கு நடுக்கம் நின்னுபோச்சு.”

மணிவேலின் கையைப் பிடித்தாள். பார்வை இருந்த பக்கமாக அவனைத் திருப்பி, படியைக் காட்டி, இறக்கி அழைத்துக்கொண்டு போனாள். சத்யப்பிரியா பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். அவர்களுக்கு வக்கீல் வேண்டியிருக்கும். வக்கீலுக்கு அந்த இரண்டு பிளேட்டும் வேண்டியிருக்கும். இந்தத் தடவை அதைத் துண்டில் சுற்றப்போவதில்லை.